வீட்டுக் கணினியும் வெளியூர்த் திறவுகோலும்

கட்டுப்பெத்தையிலே பொறியியல் பயிலும் மகனுடைய பெரிய மேசைக் கணினி யாழ்ப்பாணத்து வீட்டின் முன்னறையிலே இருக்கின்றது. விடுதியிலே அதனை வைக்க இடமில்லை. எடுத்துச் சென்றாலோ தங்கைக்குக் கணினி இல்லை. ஆகவே, சிறியதொரு மடிக்கணினியுடன் அவன் காலங்கழிக்கின்றான். வேறொரு வீட்டிலே, தொறொன்ரோவிலிருக்கும் மகள் நள்ளிரவிலே விழித்திருந்து, "ஐயா, வலப்பக்க மூலையிலே என்ன தெரிகிறது?" என்று ரெலிபோனிலே கேட்கின்றாள். "ஏதோ ஒன்று வந்து வந்து போகுது, பிள்ளை" என்கின்றார் தந்தையார். அரை மணித்தியாலம் கழிந்தும் ஓய்வூதியப் படிவம் திறந்தபாடில்லை.

இவ்வகைக் குடும்பங்கள் இன்று நம்மிடையே ஏராளம். தூரத்திலிருந்தபடியே வீட்டுக் கணினிக்குள் நுழைந்து, அதன் முன்னே அமர்ந்திருப்பவர் போலவே வேலை செய்ய இயலுமா என்று இவர்கள் கேட்கின்றனர். இயலும், அரை நூற்றாண்டுக்கு மேலாக இயன்றே வருகின்றது. ஆயினும், தமக்காகத் திறக்கும் கதவு கள்வனுக்கும் திறந்துவிடாதிருக்க வழி யாது என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. குடும்பப் புகைப்படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், வங்கிக் கணக்கு விபரங்கள், எம்போன்ற ஆசிரியராயின் பரீட்சை வினாத்தாள்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன.

தபாலட்டையில் எழுதிய இரகசியம்

தூரத்துக் கணினியிலே நுழைவதற்கென ரெல்நெற் என்னும் முறை 1969ஆம் ஆண்டிலே உருவாகத் தொடங்கிற்று. அக்காலத்தில் வலையிலே இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களுமே, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே, பெயரையும் கடவுச்சொல்லையும் மறைக்காமலே அனுப்பினர். தபாலட்டையிலே இரகசியம் எழுதுவது போன்றது அது. வழியிலே அதனைக் கையில் எடுப்பவர் எவரும் வாசிக்கலாம்.

1995ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையிலே யாரோ ஒருவர் ஒட்டுக்கேட்கும் நிரலொன்றை மறைத்து வைத்துவிட்டார். அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் அதனிடம் சிக்கியிருந்தன. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து இலோனென் என்பவர் இதற்கொரு மாற்று வேண்டுமென முனைந்து, சில மாதங்களுக்குள்ளேயே புதிய முறையொன்றை எழுதி முடித்தார். பாதுகாப்பான ஓடு என்று பொருள்படும் பெயரின் முதலெழுத்துக்களாலே எஸ்.எஸ்.எச். என அதனை அழைத்தனர். இங்கே ஓடென்பது ஆமையின் ஓடு அன்று. பயனாளரின் கட்டளைகளைக் கணினியிடம் சேர்ப்பிக்கும் நிரலுக்கு அத்துறையினர் இட்ட பெயர்.

இதனோடு சேர்ந்த சிறு கதை ஒன்று உண்டு. கணினி ஒவ்வொன்றுக்கும் வலைப்பக்கமாக அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வாயில்கள், அஃதாவது போர்ட்டுகள், எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. கோப்புகளை அனுப்பும் பழைய முறைக்கு 21ஆம் வாயில். ரெல்நெற்றுக்கு 23ஆம் வாயில். இடையிலே 22 வெறுமையாய்க் கிடந்தது. அவ்விரண்டினதும் இடத்தைப் பிடிக்க வந்த தமது முறைக்கு அந்த எண்ணே பொருத்தம் என்று கருதிய இலோனென், 1995 ஜூலை 10ஆந் திகதி, எண்களைப் பகிர்ந்தளிக்கும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலே ஒரு விண்ணப்பம் அனுப்பினார். மறுநாளே 22 அவருக்குக் கிடைத்துவிட்டது. காணிக் கச்சேரியிலே ஓர் எண்ணுக்காக நடந்து தேய்ந்த நம்மவர்க்கு இது மாயக் கதைபோலத் தோன்றலாம்!

பின்னர் அம்முறை வணிகப் பொருளாகிற்று. எனினும், இலவசமான வேறொரு வடிவம் 1999 டிசெம்பரிலே ஓப்பின்பி.எஸ்.டி. குழுவினரிடமிருந்து வெளிவந்தது. ஓப்பின் எஸ்.எஸ்.எச். எனப்படும் அதுவே இன்று லினக்ஸ், மக், விண்டோஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் வழங்குகின்றது.

வேலிக்கு இருபுறமும் நின்று பேசிய இரகசியம்

முன்பின் சந்தித்திராத இரு கணினிகள், ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, தமக்குள் மாத்திரம் ஓர் இரகசியத்தை எவ்வாறு உண்டாக்கிக்கொள்ளும்? 1976ஆம் ஆண்டிலே டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் இதற்கு விடை வெளியிட்டனர். மாணவர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

அக்காள் வேலிக்கு இப்புறம், தம்பி அப்புறம், நடுவிலே அயலவர் கூட்டம் என்று கொள்வோம். 17, 3 என்னும் இரு எண்களை எல்லோரும் கேட்கவே உரத்துச் சொல்லிவிடுகின்றனர். அக்காள் 6 என்னும் எண்ணைத் தன் மனத்துக்குள் வைத்துக்கொள்கின்றாள். 3இன் 6ஆம் வலு 729. அதனை 17ஆல் வகுத்தால் மீதி 15. "பதினைந்து" என்று அவள் கூவுகின்றாள். தம்பி மனத்துக்குள் வைத்த எண் 7. 3இன் 7ஆம் வலு 2187. 17ஆல் வகுக்க மீதி 11. "பதினொன்று" என்கின்றான் அவன். இனி அக்காள் தான் கேட்ட 11ஐத் தன் இரகசிய எண்ணாகிய 6ஆம் வலுவுக்கு உயர்த்துகின்றாள். 17,71,561 வரும், 17ஆல் வகுத்தால் மீதி 8. தம்பி தான் கேட்ட 15ஐ 7ஆம் வலுவுக்கு உயர்த்துகின்றான். 17,08,59,375 வரும், 17ஆல் வகுத்தால் அவனுக்கும் மீதி 8! அந்த எட்டை எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அயலவர் கேட்டவை 17, 3, 15, 11 என்பவை மாத்திரமே.

எண்கள் சிறியனவாகையால், கெட்டிக்கார அயலவர் ஒருவர் ஒவ்வோர் எண்ணாக முயன்று பார்த்து இதனைக் கண்டுபிடித்துவிடுவார். பதினேழுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான இலக்கங்களையுடைய எண்ணை எடுத்தால், இன்றைய கணினிகள் யாவும் சேர்ந்தாலும் முடியாது. எதிர்காலத்திலே வரக்கூடிய குவாண்டம் கணினிகள் இந்தக் கணக்கை உடைத்துவிடலாம் என்னும் அச்சத்தினாலே, 2022இல் வெளியான ஓப்பின் எஸ்.எஸ்.எச். 9.0ஆம் பதிப்பு முதல் வேறு வகையான கணக்கொன்றையும் இதனோடு பிணைத்திருக்கின்றனர்.

ஒட்டுக்கேட்பவனை இவ்வாறு வெளியே நிறுத்தியாயிற்று. வந்திருப்பவன் மகன்தானா என்பதை வீட்டுக் கணினி அறிவதெப்படி? கடவுச்சொல் ஒரு வழி. ஆனால் அது மெலிந்த வழி. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தால் கடவுச்சொல் என்பது நம்மவருட் பலர் கைக்கொள்ளும் இலக்கணம். சிறந்த வழி திறவுகோற் சோடியாகும். மகனுடைய மடிக்கணினி இரண்டு கோப்புகளை உண்டாக்கும். அவற்றுள் ஒன்றைப் பூட்டாகவும் மற்றதைத் திறப்பாகவும் எண்ணிக்கொள்ளலாம். பூட்டை எவர்க்குங் கொடுக்கலாம். வீட்டுக் கணினியின் கதவிலே தொங்கவிடுவதும் அதனையே. திறப்போ மடிக்கணினியை விட்டு வெளியேறுவதில்லை. வலை வழியாகக்கூட அது பயணஞ் செய்வதில்லை. நுழையும் வேளையிலே அத்திறப்பினாலே ஒரு கையொப்பம் இடப்படுகின்றது. அக்கையொப்பம் பூட்டுக்குப் பொருந்துகின்றதா என்று வீட்டுக் கணினி சரிபார்க்கின்றது. அவ்வளவே. திருடுவதற்கு வழியிலே எதுவும் இல்லை.

விடுமுறையிலே செய்யவேண்டியது

இதனைத் தூரத்திலிருந்து தொடங்குதல் கூடாது. வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களிலே, இரு கணினிகளையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு செய்தல் வேண்டும். முதலாவதாக, வீட்டுக் கணினியிலே சேவையைத் தொடக்கவேண்டும். உபுண்டு லினக்ஸிலே ஓப்பின் எஸ்.எஸ்.எச். சேர்வர் என்னும் பொதியை நிறுவினாற் போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலே விருப்புக்குரிய வசதிகள் என்னும் பட்டியலிலே அது கிடைக்கும். மக் கணினியிலே பகிர்தல் அமைப்பினுள் ரிமோட் லொகின் என்பதை இயக்கிவிடலாம்.

அடுத்து, மடிக்கணினியிலே திறவுகோற் சோடியை உண்டாக்குதல். அதற்குரிய கட்டளையின் பெயர் எஸ்.எஸ்.எச். கீஜென். ஈ.டி.25519 என்னும் வகையைத் தெரிவுசெய்வது இன்று நன்று. அப்போது மறைசொற்றொடர் ஒன்றைக் கேட்கும். சோம்பலினாலே வெறுமையாக விட்டுவிடுவோர் பலர். பேருந்திலே மடிக்கணினியைத் தவறவிட்டால், திறப்பையும் முகவரியையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததற்கு ஒப்பாகும் அது. நாலைந்து சொற்கள் கொண்ட தொடரொன்றை மனத்திலே வைத்துக்கொள்வது பெரிய பாரமன்று.

பூட்டுக் கோப்பிலே உள்ளது ஒரே வரி. அதனை வீட்டுக் கணினியிலே ஓதரைஸ்ட் கீஸ் என்னும் பட்டியற் கோப்பிலே சேர்க்கவேண்டும். விண்டோஸ் வைத்திருப்போர் இவ்விடத்திலே பெரும்பாலும் தடுக்கி விழுகின்றனர். நிருவாகி உரிமை பெற்ற கணக்குகளுக்கு, அவரவர் கோப்புறையிலுள்ள பட்டியலை விண்டோஸ் பார்ப்பதில்லை. புரோகிராம் டேற்றா என்னும் கோப்புறைக்குள்ளே தனியாக உள்ள வேறொரு பட்டியலையே பார்க்கும். நிருவாகி உரிமையில்லாத சாதாரணக் கணக்கொன்றை இதற்கென ஏற்படுத்துவதே எமது எண்ணத்திற் சிறந்தது. பிழை நேர்ந்தாலும் சேதம் அக்கணக்கோடு நிற்கும்.

முதன்முறை இணைக்கும்போது, எதிரே இருக்கும் கணினியின் கைரேகை இது, தொடரலாமா என்று ஒரு நீண்ட எழுத்துக்கோவையைக் காட்டி மடிக்கணினி கேட்கும். உலகத்தார் யாவரும் வாசியாமலே ஆம் என்று எழுதும் கேள்வி இது. இரு கணினிகளும் ஒரே மேசையில் இருக்கையிலே இதனை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டால், பின்னாளிலே கொழும்பிலிருந்து இணைக்கும்போது கைரேகை மாறிவிட்டது என்னும் எச்சரிக்கை வந்தால் அதற்குப் பொருள் உண்டு. வீட்டிலே எவரும் கணினியைப் புதுப்பித்து அமைக்காதிருக்கையில் அவ்வெச்சரிக்கை தோன்றுமாயின், தொடரக்கூடாது.

திறப்பு வேலை செய்கின்றது என்று கண்டபின், கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்துவிடவேண்டும். சேவையின் அமைப்புக் கோப்பிலே அதற்கென ஒரு வரி உண்டு. ஆம் என்றிருப்பதை இல்லை என்று மாற்றிச் சேவையை மீளத் தொடக்கவேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது சாளரத்திலே நுழைந்து பார்ப்பது விவேகம். அன்றியும், திறப்பில்லாத வேறொரு கணினியிலிருந்தும் முயன்று பார்த்தல் அவசியம். அது கடவுச்சொல்லைக் கேட்குமாயின் கதவு இன்னமும் சாத்தப்படவில்லை என்பதே அர்த்தம்.

வேலியிலே பொட்டு

இதுவரை செய்தது வீட்டு வளவுக்குள்ளேதான். வெளியூரிலிருந்து வருவதற்கு வேலியைக் கடக்கவேண்டும். வீட்டு வைபைப் பெட்டியாகிய றூட்டர்தான் அந்த வேலி. வலையின் பழைய முகவரி முறையிலே மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே உண்டாகையால், ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுக்க இயலாது. வீட்டுக்குள்ளே 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை வழங்கிவிட்டு, வெளியே ஒரு முகவரியை மாத்திரம் றூட்டர் காட்டுகின்றது. வெளியிலிருந்து வருவதை இன்ன கணினிக்கு அனுப்பு என்று றூட்டருக்குச் சொல்லிவைப்பது, வேலியிலே பொட்டு வைப்பது போலாகும்.

பொட்டு வைத்தால் நாயும் பூனையும் வரும் என்பதை நம் கிராமத்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இலே வெளியிட்ட நிரலொன்று, விரைவான இணைப்புள்ள ஒரே கணினியைக் கொண்டு அப்பழைய முறையின் பொது முகவரிகள் அனைத்தின் கதவையும் 45 நிமிடங்களுக்குள்ளே தட்டிப் பார்க்க வல்லதாயிருந்தது. யாழ்ப்பாணத்திலே ஒரு மூலை வீட்டை யார் தேடப்போகின்றார்கள் என்று எண்ணுவது பயனற்றது. எவரும் தேடுவதில்லை, எல்லாக் கதவையும் தட்டுகின்றார்கள். 22ஐ விடுத்து வேறு எண்ணுள்ள வாயிலை வைத்தால் தட்டுவோர் தொகை வெகுவாகக் குறையும். ஆனால் அது சந்தடியைக் குறைக்குமேயன்றிக் காவலாகாது.

எமது விருப்பம் பொட்டு வைக்காத வழியே. வயர்காட் என்னும் முறை, இரு கணினிகளுக்கிடையே மறைவான சுரங்கப்பாதை ஒன்றை அமைக்கின்றது. 2020 முதல் லினக்ஸின் கருவிலேயே அது இடம்பெற்றுள்ளது. உரிய திறவுகோல் இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது. அங்கே கதவு உண்டென்பதும் தெரியாது. இன்னுமொன்று. கைத்தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளிலே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி கொடுக்கப்படுவது உண்டு. அங்கே றூட்டரிலே பொட்டு வைத்தாலும் பயனில்லை. அத்தகையோர்க்கு, வயர்காட்டை அடிப்படையாகக் கொண்டு இரு கணினிகளையும் வெளிநோக்கி அழைத்துச் சந்திக்கவைக்கும் ரெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் கைகொடுக்கும். ஆயின், சந்திக்கவைக்கும் அந்நிறுவனத்தையும், அங்குள்ள தமது கணக்கின் காவலையும் அவர்கள் நம்பவேண்டியிருக்கும்.

திரையையே காணவேண்டுவோர் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்ரொப்பையோ வீ.என்.சி.யையோ நாடுவர். முன்னது 3389ஆம் வாயிலிலே இயங்குவது. விண்டோஸின் ஹோம் பதிப்புள்ள கணினியை அவ்வாறு வெளியிலிருந்து திறக்க இயலாது, புரோ பதிப்பு வேண்டும். இவ்வாயிலை நேரே உலகுக்குத் திறந்துவைப்பவர்களைப் பற்றி எம்மால் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. 2019 மே மாதத்திலே புளூகீப் என்னும் ஓட்டையொன்று வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமற் கணினியைக் கைப்பற்ற அது இடமளித்தது. ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பீக்குக்கூட மைக்றோசொப்ற் நிறுவனம் அப்போது திருத்தம் வெளியிட்டதென்றால் அதன் கொடுமையை ஊகிக்கலாம். பழைய வீ.என்.சி. முறையோ கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துக்களை மாத்திரமே பார்க்கும். இரண்டையும் வேண்டாமென்று ஒதுக்கவேண்டியதில்லை, எஸ்.எஸ்.எச். சுரங்கத்தின் வழியாகவோ வயர்காட்டின் வழியாகவோ கொண்டுசென்றாற் போதும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். கணினியின் ஆரம்ப அமைப்பிலே, மின்சாரம் மீண்டதும் தானே இயங்கு என்னும் தெரிவு பெரும்பாலும் இருக்கும். அதனை இட்டு, உறங்கும் பழக்கத்தையும் நிறுத்திவைக்காவிடின், எவ்வளவு நல்ல திறப்பும் அணைந்த கணினியைத் திறக்காது.

முதியோர் வீட்டிலே

மேலே கூறியவை மாணவனுக்குப் பொருந்தும். தொறொன்ரோ மகளின் தந்தையார்க்கு எப்போதும் திறந்திருக்கும் வழி தேவையில்லை என்பது எமது துணிபு. அவர் பார்த்திருக்க, அவர் அனுமதித்த வேளையில் மாத்திரம் திரையைப் பகிரும் முறையே தகும். விண்டோஸிலே குவிக் அசிஸ்ற் என்று ஒன்று உண்டு. மகள் ஒரு குறியீட்டைப் பெற்றுத் தந்தைக்குச் சொல்ல, அவர் அதனை இட்டு அனுமதி கொடுக்கவேண்டும். சிறிது நேரத்திலே அக்குறியீடு செல்லாதாகிவிடும்.

ஆனால் இதே கருவிகளைத்தான் ஏமாற்றுவோரும் கையாளுகின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகவோ, கணினியிலே வைரஸ் புகுந்துவிட்டதாகவோ ரெலிபோனிலே ஒருவர் இனிமையாகக் கூறுவார். ஒரு நிரலை நிறுவச் சொல்வார்; திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார், அல்லது எண்ணொன்றைத் தந்து இடச் சொல்வார். அவ்வளவிலே பூட்டு, திறப்பு, கணிதம் யாவும் பயனற்றுப்போகும். வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுகின்றாரன்றோ? ஆகவே குடும்பத்துக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும். உதவி செய்வதாகத் தாமாக அழைக்கும் எவரையும், அது மகளின் குரலாகவே இருந்தாலும், அப்போதே அனுமதித்தல் கூடாது. தந்தையார் ரெலிபோனை வைத்துவிட்டு, தமது கொப்பியிலே எழுதிவைத்த மகளின் எண்ணுக்குத் தாமே அழைத்தபின்பே குறியீட்டை இடவேண்டும்.

இத்தனையுஞ் செய்தபின்னும் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்காதிருந்தால் பயனில்லை. 2024 மார்ச்சிலே அந்திரேஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர், தமது கணினியிலே எஸ்.எஸ்.எச். நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். வேறொருவராயின் பேசாதிருந்திருப்பார். அவரோ காரணத்தைத் தோண்டிப் பார்த்து, எக்ஸ்.இசட். என்னும் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிலே கள்ளக் கதவொன்று ஒளித்துவைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். ஈராண்டுக்கு மேலாக நல்லவர்போல உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதனை வைத்திருந்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் பரவுமுன்னரே அது அகற்றப்பட்டுவிட்டது.

மடிக்கணினி தொலைந்தால் என் செய்வது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வீட்டிலிருக்கும் தங்கைக்கு உடனே ரெலிபோன் செய்து, பட்டியற் கோப்பைத் திறந்து அம்மடிக்கணினிக்குரிய வரியை அழித்துவிடச் சொல்லவேண்டும். ரெயில்ஸ்கேல் போன்ற சேவையிருந்தால் அங்குள்ள தனது கருவிப் பட்டியலிலிருந்தும் அதனை நீக்கிவிடவேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எந்தக் கணினிக்குரியது என்று பெயரிட்டு வைத்திருந்தால், எதனை அழிப்பது என்று அவள் திகைக்கமாட்டாள். பின்பு புதிய கணினி வாங்கியதும் புதிய சோடி ஒன்றை உண்டாக்கி, அதன் பூட்டு வரியை அவளுக்கு அனுப்பினாற் போதும்.